பாதி தாள், பாதி திரை: படிக்கவும் எழுதவும் ஒரே கணினி

ஸ்கேன் செய்த பழைய புத்தகம் ஒன்றை லேப்டாப்பில் படிக்க உட்கார்ந்தால் நான் வழக்கமாக ஒன்று செய்வேன். திரையில் தெரியும் பக்கத்தை 90 டிகிரி திருப்பிவிட்டு, லேப்டாப்பையும் அதே மாதிரி குத்தாகத் தூக்கி, புத்தகத்தை விரித்துப் பிடிப்பது போலப் பிடித்துக்கொள்வேன். இடது கையில் திரை, வலது கையில் கீபோர்டு. பக்கம் முழுதாகத் தெரியும், எழுத்தும் கண்ணுக்குப் போதுமான அளவில் இருக்கும். ஐந்து நிமிடம் சுகமாகப் போகும். அப்புறம் மணிக்கட்டு கடுக்கத் தொடங்கும். விசிறிக் காற்று வெளியேறும் இடம் உள்ளங்கையைச் சுடும். ஏதாவது ஒரு விசையில் விரல் பட்டு, படித்துக்கொண்டிருந்த பக்கம் எங்கோ ஓடிவிடும்.

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். பழைய பதிப்பின் ஸ்கேனையும் புதிதாகத் தட்டச்சு செய்த பிரதியையும் வரிக்கு வரி ஒப்பிடுவதிலேயே பாதி நாள் போய்விடும். அதனால் வலது கைப் பக்கம் கீபோர்டு இருக்கும் இடத்தில் இன்னொரு திரை இருந்தால் எப்படி இருக்கும், இரண்டில் ஒன்று கிண்டில் என்ற மின்னூல் படிப்பானில் இருப்பது போன்ற மின்தாள் திரையாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பல வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கணினியை நாமே வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம். எதிலிருந்து தொடங்குவது? கணினி பற்றி எதுவும் தெரியாதவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டும் இரண்டு வகைத் திரைகள்

முதலில் திரைகளைப் புரிந்துகொள்வோம். லேப்டாப்பில் பெரும்பாலும் இருப்பது எல்சிடி திரை. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னால் லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கதவுகள். எந்தக் கதவு எவ்வளவு திறக்கிறதோ அந்த அளவுக்கு வெளிச்சம் வெளியே வரும். இந்தக் கதவுகளை ஒரு நொடிக்கு 60 தடவை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் அதில் படம் ஓடுகிறது, சுட்டி வழுக்கிக்கொண்டு நகர்கிறது. நீங்கள் ஒரே பக்கத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் விளக்கு எரியும், புதுப்பித்தலும் நடக்கும்.

மின்தாள் வேறு ரகம். இ-இங்க் என்று பேச்சில் சொல்வது இதைத்தான். திரை முழுக்க ஒரு தலைமுடியின் தடிமன் அளவே உள்ள குமிழ்கள். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவம், அதில் வெள்ளைத் துகள்களும் கருப்புத் துகள்களும். வெள்ளைக்கு ஒரு வகை மின்னூட்டம், கருப்புக்கு அதற்கு நேர்மாறான மின்னூட்டம். அடியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் விதத்தைப் பொறுத்து வெள்ளை மேலே வரும், இல்லையென்றால் கருப்பு மேலே வரும். வந்த துகள் வந்த இடத்திலேயே நிற்கும். மின்சாரத்தை முழுதாக நிறுத்தினாலும் பக்கம் அழியாது. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் பிறந்த யோசனை இது. 1997-இல் இ இங்க் என்ற நிறுவனமாகி, 2004-இல் ஜப்பானில் சோனி லிப்ரியே என்ற படிப்பானாகக் கடைக்கு வந்து, 2007 நவம்பரில் கிண்டில் வழியாக உலகம் முழுக்கத் தெரிந்தது.

வெயிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சட்டென்று புரியும். திரையின் பிரகாசத்தை நிட் என்ற அலகில் சொல்வார்கள். சாதாரண லேப்டாப் திரை 300 நிட் அளவில் ஒளி விடும். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தால் அது 20,000 நிட்டுக்கும் மேலே போகும். அந்தத் தாளுக்குப் பக்கத்தில் லேப்டாப்பின் வெள்ளை வெறும் இருட்டுதான். மின்தாளோ தன் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. வெயில் ஏற ஏற அதுவும் கூடவே பிரகாசமாகும்.

பலவீனம் வேகத்தில் இருக்கிறது. துகள்கள் திரவத்துக்குள் நீந்தி மேலே வர வேண்டும் அல்லவா? ஒரு பக்கத்தைச் சுத்தமாக மாற்றிக் காட்ட மின்தாளுக்கு அரை நொடி பிடிக்கும். எல்சிடி அதே நேரத்தில் 30 தடவை மாறிவிடும். மின்தாளில் வேகமான முறை ஒன்றும் உண்டு. ஆனால் அதில் சாம்பல் நிறங்கள் போய்விடும், முந்தைய பக்கத்தின் நிழல் பேய் மாதிரி பின்னால் தங்கும். அந்த நிழலைத் துடைக்கத்தான் கிண்டில் அவ்வப்போது முழுத் திரையையும் ஒருமுறை கருப்பாக்கி வெளுக்கிறது. இதில் தட்டச்சு செய்தால் எழுத்து நம் விரலுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவரும்.

படிக்கும் திரை அசையாமல் நிற்க வேண்டும், வேலை செய்யும் திரை ஓட வேண்டும். ஒரே பொருளில் இரண்டையும் கேட்டால் இரண்டும் அரைகுறையாகிவிடும். அதனால் என் கணினியில் இடது பக்கம் கருப்பு வெள்ளை மின்தாள், வலது பக்கம் எல்சிடி. வண்ண மின்தாள் வந்துவிட்டதே என்று கேட்கலாம். இன்று பரவலாகக் கிடைக்கும் வகையில் கருப்பு வெள்ளைத் திரைக்கு மேல் ஒரு வண்ண வடிகட்டியை ஒட்டுகிறார்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி காட்டும் திரை வண்ணத்தில் 150 புள்ளிதான் காட்டும், தாளின் வெண்மையும் மங்கிவிடும். எனக்கு எழுத்துதான் முக்கியம்.

முன்னால் நடந்தவர்கள்

இந்தக் கனவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். ஆலன் கே என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1972-இல் டைனாபுக் என்ற பெயரில் நோட்டுப் புத்தக அளவுள்ள ஒரு கணினியைக் காகிதத்தில் விவரித்தார். குழந்தைகள் கையில் தூக்கிக்கொண்டு போகலாம், அதிலேயே படிக்கலாம், எழுதலாம். எடை 4 பவுண்டுக்குள், அதாவது 1.8 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்றார். அதற்கு முன்பே அட்டையில் ஒரு மாதிரி செய்து, உள்ளே ஈயக் குண்டுகளைப் போட்டு, எவ்வளவு கனம் வரை தாங்கலாம் என்று கையில் பிடித்துப் பார்த்திருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

2007-இல் உற்பத்திக்கு வந்த எக்ஸ்ஓ-1, ஏழைக் குழந்தைகளுக்கான மலிவு லேப்டாப். அதன் திரையை வடிவமைத்தவர் மேரி லூ ஜெப்சன். ஒரே திரையில் இரண்டு வேலை. பின்னொளி எரிந்தால் வண்ணம். அணைத்துவிட்டு வெயிலுக்குப் போனால் கருப்பு வெள்ளையில் கூர்மையான எழுத்து. திரையைத் திருப்பி மடித்தால் புத்தகம் மாதிரி பிடிக்கலாம். அதற்கு அடுத்து 2008 மே மாதம் எக்ஸ்ஓ-2 என்ற மாதிரியைக் காட்டினார்கள். கீபோர்டே இல்லை. இரண்டு தொடுதிரைகள், நடுவில் மடிப்பு, விரித்தால் புத்தகம். விலை 75 டாலர் என்று இலக்கு வைத்தார்கள். அது உற்பத்திக்கே வரவில்லை. அந்தப் படங்களை இன்று பார்த்தாலும் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

நான் சொல்லும் கணினிக்கு மிக நெருங்கி வந்தது 2010-இல் அமெரிக்காவில் வெளியான என்டூராஜ் எட்ஜ். ஒரு பக்கம் 9.7 அங்குல மின்தாள், மறு பக்கம் 10.1 அங்குல எல்சிடி, விலை ஏறத்தாழ 500 டாலர். புத்தகத்தில் ஓர் இணைப்பைத் தொட்டால் அந்தப் பக்கம் எதிர்த் திரையில் திறக்கும். மின்பேனாவால் ஓரத்தில் குறிப்பு எழுதலாம். யோசனை அருமை. ஆனால் எடை சுமார் 1.4 கிலோ. அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள். அதே 2010-இல் தோஷிபா, லிப்ரெட்டோ டபிள்யூ100 என்று இரண்டு 7 அங்குல எல்சிடி திரை கொண்ட குட்டிக் கணினியை வெளியிட்டது. படிப்பான் என்ற கணக்கில் அதைச் சேர்க்க முடியாது. 2018-இல் லெனோவோ யோகா புக் சி930 வந்தது. மேலே 10.8 அங்குல எல்சிடி, கீழே அதே அளவில் மின்தாள், மொத்தம் 775 கிராம். கீழே இருக்கும் மின்தாளே கீபோர்டாகவும் மாறும், படிக்கும் பக்கமாகவும் மாறும். எடையில் இவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நாள் முழுக்க எழுதுகிறவருக்கு மெதுவாக அசையும் மின்தாளைக் கீபோர்டாகக் கொடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

எவ்வளவு பெரிய திரை?

பலரும் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். எனக்கு முதல் கேள்வியே இதுதான். ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்துப் பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 'டெமி 1/8' என்று அளவு போட்டிருக்கும். 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். நாம் படித்து வளர்ந்த நாவல்களும் கட்டுரைத் தொகுப்புகளும் பெரும்பாலும் இந்த அளவுதான்.

6 அங்குலக் கிண்டில் திரையின் உயரம் சுமார் 12.2 செ.மீ. மின்னூலாகவே தயாரித்த புத்தகம் என்றால் பிரச்சினை இல்லை, எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்து அடுத்த வரிக்கு ஓடும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அப்படி இல்லை. அது பக்கத்தின் புகைப்படம். முழுப் பக்கமும் தெரிய வேண்டுமானால் படத்தையே சுருக்க வேண்டும். 21.5-ஐ 12.2-க்குள் அடைத்தால் எழுத்து 57 சதவீதமாகும். அச்சில் 11 பாயிண்ட்டில் இருந்தது 6 பாயிண்ட்டுக்கு இறங்கிவிடும்.

6 பாயிண்ட்டில் தமிழ் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் இரண்டு கோடும் ஒரு வளைவும் சேர்ந்தால் ஓர் எழுத்து. நமக்கோ சுழிதான் எழுத்தையே தீர்மானிக்கிறது. இரண்டு சுழி போட்டால் ன, மூன்று சுழி போட்டால் ண. ஸ்கேனில் மை கொஞ்சம் பரவியிருந்தால், சுருக்கிய படத்தில் அந்த மூன்றாவது சுழி முந்தைய சுழியோடு ஒட்டிப்போகும். மனமா மணமா என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, வாக்கியத்தை வைத்து ஊகிக்க வேண்டும். புள்ளியும் அப்படித்தான். மெய்யெழுத்தின் மேல் இருப்பது புள்ளியா, பழைய தாளில் விழுந்த தூசியா என்று தெரியாது. மெய்ப்புப் பார்க்கிறவருக்கு இது பெரிய கஷ்டம்.

இப்போது 10.3 அங்குல மின்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அளவு சுமார் 15.7-க்கு 20.9 செ.மீ. டெமி பக்கம் கிட்டத்தட்ட அச்சில் இருந்த அதே அளவில் உட்கார்ந்துவிடும், ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினால் அசலைவிடப் பெரிதாகவே தெரியும். ஆக, அளவு முடிவாகிவிட்டது. வலது பக்க எல்சிடியும் அதே உயரம் இருக்கட்டும். இரண்டு பக்கமும் வரிகள் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும் என்பதுதான் காரணம்.

அட்டையும் கல் உப்பும்

ஆலன் கே செய்த வேலையை நானும் செய்து பார்த்தேன். பழைய காலண்டர் அட்டையில் 18-க்கு 24 செ.மீ. அளவில் நான்கு துண்டுகள் வெட்டி, இரண்டிரண்டாகப் பை மாதிரி ஒட்டி, நடுவில் துணி டேப் போட்டுப் புத்தகம் போலச் சேர்த்தேன். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் கல் உப்பைச் சமையலறைத் தராசில் நிறுத்து, தட்டையாகப் பரப்பி உள்ளே செருகினேன். ஒரு பாதிக்கு 400 கிராம். 10 அங்குல மின்தாள் நோட்டுகள் கடையில் இன்று அந்த எடையில்தான் கிடைக்கின்றன. மறு பாதிக்கு 500 கிராம், அதே அளவு டேப்லெட்டின் எடை.

முதல் பாடம் விரித்துப் பிடித்த உடனேயே கிடைத்தது. மொத்தம் 900 கிராம் சொச்சம், மேசையிலோ மடியிலோ வைத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு பாதியைப் பின்னால் மடித்து நாற்காலியில் சாய்ந்து படிக்கப் பார்த்தால் கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: 300 பக்க டெமி புத்தகம் என்றால் 150 தாள். 70 ஜிஎஸ்எம் தாளாக, அதாவது ஒரு சதுர மீட்டர் 70 கிராம் எடையுள்ள தாளாக இருந்தால் மேலட்டையோடு சேர்த்து 350 கிராம் வரும். நம் கை பழகியிருப்பது அந்த எடைக்குத்தான். மின்தாள் பாதியை மட்டும் தனியாகக் கழற்றிப் பிடித்தபோது புத்தகத்தைப் பிடித்த மாதிரியே இருந்தது. அன்றைக்கு என் வடிவமைப்பு மாறிவிட்டது. முழுக்கத் திரும்பும் கீல் வேண்டாம், காந்தத்தால் ஒட்டிக் கழற்றும் மடிப்பு வேண்டும்.

இரண்டாவது பாடத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கட்டைவிரலுக்கு இடம் இல்லை! திரை விளிம்பு வரை வந்தால் அழகாக இருக்கும் என்று நினைத்துத்தான் அட்டையில் கோடு போட்டிருந்தேன். பிடித்துப் பார்த்தால் விரல் கடைசி வரியின் மேல் உட்கார்ந்தது. ஒரு பக்கம் 2 செ.மீ. ஓரம் விட்டாக வேண்டும். உப்பை அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்தபோது எடை குறைந்த மாதிரியே தோன்றியது, கனம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டதால். கிண்டில் ஓயாசிஸ் 2016-இல் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து வந்ததன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பேட்டரி போன்ற கனமான சாமான்கள் முதுகுப் பக்கம், அதாவது மடிப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

கழற்றலாம் என்றால் பேட்டரியும் இரண்டாகப் பிரிய வேண்டும். இங்கேதான் படிப்பான் வாரக்கணக்கில் ஓடுவதன் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கிண்டில் பேட்டரியின் கொள்ளளவு சாதாரண லேப்டாப் பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு அளவே. மின்தாளுக்கு மின்சாரம் குறைவாகப் போதும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி: பக்கம் நின்றவுடன் உள்ளே கணக்குப் போடும் செயலியும் (பிராசசர்) தூங்கிவிடுகிறது. லேப்டாப்பின் பெரிய செயலியை விழித்திருக்க வைத்துக்கொண்டு மின்தாளில் படித்தால் அந்தச் சிக்கனமெல்லாம் வீண். எக்ஸ்ஓ-1-இல் இதற்கென்றே ஒரு தனிச் சில்லு இருந்தது. செயலி தூங்கினாலும் அது திரையில் படத்தைப் பிடித்து வைத்திருக்கும். என் கணினியிலும் இடது பாதிக்குத் தனியாக ஒரு சிறிய செயலி, ஒரு சிறிய பேட்டரி. வலது பாதிக்குப் பெரிய செயலி, 30 வாட்-அவர் பேட்டரி. சராசரியாக 5 வாட் இழுத்தால் 6 மணி நேரம் வரும்.

கீபோர்டைப் பற்றி இரண்டு வார்த்தை. நீளமாக எழுத வெளியே ஒரு மெல்லிய கீபோர்டு, கம்பியில்லாமல். வழியில் அவசரத்துக்கு வலது திரையைக் கிடையாக வைத்து அதன் மேலேயே தட்டலாம். கண்ணாடியில் தட்டுவது சுகமில்லைதான். ஆனாலும் நமக்கு ஒரு லாபம் உண்டு: ஆங்கில எழுத்து அச்சிட்ட விசைகளைப் பார்த்துத் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பை மனப்பாடம் செய்ய வேண்டாம். அ எங்கே, க எங்கே என்று திரையே காட்டும். புதிதாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இது பெரிய உதவி.

அப்படியானால் இரண்டு கருவி வாங்கினால் போதாதா?

நியாயமான கேள்வி. கழற்றுகிற மாதிரி இருந்தால், ஒரு மின்தாள் நோட்டும் ஒரு டேப்லெட்டும் வாங்கி அருகருகே வைத்துக்கொள்ளலாமே? நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் ஓட்டினேன். ஒவ்வொரு கோப்பையும் கேபிள் போட்டு அங்கே இங்கே அனுப்ப வேண்டும். மின்தாளில் எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்பது கணினிக்குத் தெரியாது. ஓரத்தில் எழுதிய திருத்தம் அங்கேயே கிடக்கும், அதைப் பார்த்துப் பார்த்து இங்கே மறுபடி தட்ட வேண்டும்.

நான் கேட்பது வேறு. ஒரே கோப்பு, ஒரே பக்கக்குறி, ஒரே குறிப்புகள் இரண்டு பாதிக்கும் பொதுவாக இருக்க வேண்டும். இடது பக்கம் பழைய பதிப்பின் 47-ஆம் பக்கம், வலது பக்கம் தட்டச்சுப் பிரதியில் அதே இடம். இடது பக்கத்தில் சந்தேகமான ஒரு சொல்லின் மேல் மின்பேனாவை வைத்தால், வலது பக்கத்தில் தட்டச்சுக் குறி அந்தச் சொல்லுக்கே போய் நிற்க வேண்டும். மனமா மணமா என்று பெரிதாக்கிப் பார்த்து, அங்கேயே திருத்திவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். ஸ்கேனிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள், சொல்லை மட்டும் கொடுப்பதில்லை. அந்தச் சொல் பக்கத்தில் எந்த இடத்தில், எத்தனை அகல உயரத்தில் இருந்தது என்பதையும் ஒரு பெட்டியாகக் கொடுத்துவிடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட் தமிழுக்கும் இதைச் செய்கிறது. பழைய அச்சில் நிறையத் தப்பு விடும், ஆனால் பெட்டிகளைப் பெரும்பாலும் சரியாகப் போடும். நமக்கு இங்கே தேவை அந்தப் பெட்டிதான். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களை உட்கார்ந்து தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றினார்கள். அந்த மாதிரி வேலையில் கண் ஓடும் தூரத்தை நினைத்துப் பாருங்கள்: தாளுக்கும் திரைக்கும், திரைக்கும் தாளுக்கும், ஒரு பக்கத்துக்கு நூறு தடவை.

என் அட்டை மாதிரி இப்போதும் மேசையில்தான் இருக்கிறது. இடது பாதியில் ஒரு டெமி பக்கத்தின் நகலையும், வலது பாதியில் அதன் தட்டச்சுப் பிரதியையும் ஒட்டி, வரிகள் மட்டம் சேர்கிறதா என்று பார்த்தேன். முதல் பத்து வரி சேர்ந்தது, அப்புறம் வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. பழைய பதிப்பின் வரி இடைவெளியை அளந்து வலது பக்கம் அதே இடைவெளி வைத்தால் சரியாகிவிடும். நாளைக்கு அளவுகோலோடு உட்கார வேண்டும்.